ஒரு கொம்பு கூடிப்போன நோட்டீஸ்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு, நலமாகவே இருக்கிறோம், நீயும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும், சண்டைக்கு ஆள் கிடைக்காத குறை மட்டும் உனக்கு இருக்கும் என்று தெரியும். கையில் ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ வெட்டிவிடுகிறாய், அன்றைக்கு வெட்டியவன் இன்னும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, யாருடைய பிடிவாதம் யாருக்கு வந்திருக்கிறது என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும், அதற்கு உனக்கு மனசு வராது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, அச்சு மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொடுத்திருக்கிறேன், ஆனால் அதில் அவர் உட்காருவதில்லை, டீ கிளாஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரஸ்ஸில் ஒழுகிக்கொண்டிருந்த மூலைக்குப் புதுத் தகரம் போட்டாகிவிட்டது, இனி மழை வந்தால் பேப்பர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்கும் பிரஸ்ஸுக்குமாக ஓட வேண்டியதில்லை. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், பழைய போஸ்டர் கட்டு ஒன்று மட்டும் அங்கே வந்து குடியேறிவிட்டது, அதை மன்னித்துவிடு.

முதலில் உன் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அவளைச் சுற்றித்தான் வருகிறது. அவளுக்கு நாள் நெருங்குகிறது. முகமெல்லாம் தெளிவாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். போன பிரசவம் உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை தன் பள்ளிக்கூட வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார், ரயில்வே கேட் மூடிக்கிடந்தது, கூட்ஸ் வண்டி போகிறது போகிறது போய்க்கொண்டே இருக்கிறது, குழந்தைகள் உட்காரும் அந்தச் சின்ன சீட்டுகளுக்கு நடுவில்தான் நம் ரயிலு பிறந்தாள், அவளுக்கு அந்தச் செல்லப்பெயர் வந்த கதையை ஊரே சிரித்துச் சிரித்துச் சொல்கிறது, ஆனால் வேனில் அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நான், எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகுதான் தேர்தல் வந்தது. அதிபர் அப்போது வெறும் வேட்பாளர், நம் பஸ் நிலையத்தில் ஒரு லாரியின் மேல் நின்றுகொண்டு, இந்த ஊர்ப் பெண்கள் இனி வழியில் பிள்ளை பெறக் கூடாது, நான் வந்தால் இங்கேயே ஒரு பிரசவ வார்டு கட்டித் தருவேன் என்று சொன்னார். நீ அவர் போஸ்டர் ஒட்டிய பசை வாளியோடு என் பக்கத்தில்தான் நின்றாய். கட்சி கொடி எதுவும் தெரியாமல் இருந்த என்னை அந்த ஒரு வார்த்தைதான் உள்ளே இழுத்தது. இதை நீ மறந்துவிட்டுத்தான், அம்மாவுக்குத் தலைவர் பைத்தியம் என்று பேசுகிறாய்.

வார்டு கட்டினார், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல கட்டடம், ஜன்னலெல்லாம் பெரிது பெரிதாக, வாசலில் சறுக்குப் பாதை கூட உண்டு. ரிப்பன் வெட்டினார்கள், கல்வெட்டில் அவர் பெயர் வைத்தார்கள், மறுநாள் பூட்டினார்கள். அதற்கப்புறம் டாக்டரும் வரவில்லை, நர்ஸும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டில்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் வரிசையாக நிற்கும். கேட்டால் ஆள் போட உத்தரவு வர வேண்டும் என்பார்கள், உத்தரவு எங்கே என்றால் மேலே என்பார்கள். நானும் நம் ஆட்சிதானே, தேர்தலுக்குள் வந்துவிடும் என்று இருந்தேன், உன் தங்கைக்கு வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது நோட்டீஸ் கதைக்கு வருகிறேன், நீ பாதி தெரிந்துகொண்டு குதித்த கதை. மறுபடியும் தேர்தல் வருகிறதே, அதிபர் செய்ததையெல்லாம் வரிசையாகப் போட்டு வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று நம் கிளைச் செயலாளர் மைக்செட் அண்ணன் எழுதிக்கொண்டு வந்தார். ரோடு, தெருவிளக்கு, முதியோர் உதவி, பள்ளிக்கூட பஸ், எல்லாம் இருந்தது, கடைசியில் மகப்பேறு வார்டு திறப்பு என்றும் இருந்தது. அந்த வரியை அடிக்கும்போது என் கை கொஞ்சம் நின்றது, ரிப்பன் வெட்டினால் அது திறப்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடித்தேன். தலைப்பு என்னவென்றால், நம் அதிபரின் நான்காண்டுச் சேவைகள், சாதனைகள். அடித்து முடித்ததும் அண்ணன் எட்டிப் பார்த்து, "சேவையை எடுத்துடு தங்கச்சி, சர்வீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு, சாதனை மட்டும் இருந்தா எழுத்தைப் பெரிசாக்கலாம்" என்றார். எடுத்தேன். நான் இன்னமும் அந்தப் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறேன், மாற்று மாற்று என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அதில் சே என்று அடித்தால் கொம்பு தனி எழுத்தாக முன்னால் நிற்கும், ச தனியாகப் பின்னால் நிற்கும். சேவையை அழித்தபோது ச-விலிருந்து அழித்திருக்கிறேன், கொம்பு மட்டும் தனியாக நின்றுவிட்டது. நின்றது சும்மா நிற்கவில்லை, பக்கத்தில் வந்த சாதனையோடு போய் ஒட்டிக்கொண்டது. சா-வுக்கு முன்னால் கொம்பு வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நம் அதிபரின் நான்காண்டுச் சோதனைகள் என்று, தெருவில் போகிறவன் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், பச்சை மையில், அழகாக அச்சாகிவிட்டது.

ப்ரூஃப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். அண்ணனிடம்தான் காட்டினேன். அவர் நேராகக் கீழே போய்த் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அருமை என்று சொல்லிவிட்டார். அப்பா மெஷினில் எழுத்தைப் பார்ப்பதில்லை, மையைத்தான் பார்க்கிறார், பச்சை நன்றாக ஏறியிருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பேப்பர் போடுகிறவர்கள் வழியாகக் காலையிலேயே ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலில் கண்டுபிடித்தது உன் தங்கை. வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தவள் சோதனைகள் என்றதும் நிறுத்தி, மறுபடி படித்து, முதல் சோதனை தார்ச்சாலை என்று வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, இவளுக்கு இங்கேயே வலி எடுத்துவிடுமோ என்று பயந்துபோனேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சியில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார், அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அண்ணே, இதே மாதிரி எங்களுக்கும் ஒரு கட்டு போட்டுக் குடுங்க, ஒரு எழுத்தையும் மாத்த வேணாம்" என்றார். அப்பாவுக்கு எல்லாக் கட்சியும் ஒரே மைதான், சரி என்று ஆர்டரை எழுதவே ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் பேனாவை மூடினார்.

அன்றைக்குத்தான் நீயும் கூப்பிட்டாய். யாரோ உனக்கு நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். "சபாஷ்மா, கடைசில உனக்கும் கண் திறந்துச்சே" என்றாய். உன் குரலில் அத்தனை பாசத்தை நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை, அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா, அது பிழைடா, நான் அதிபருக்கு எதிரியில்லை என்றேன். அவ்வளவுதான், நீ பிடித்துக்கொண்டாய். வேலை தருகிறேன் என்றார், எனக்கு விமான டிக்கெட்தான் கிடைத்தது என்றாய். ஆசிரியர்கள் ஊர்வலத்தில் தடியடி நடந்ததே, அதற்கும் வக்காலத்து வாங்குவாயா என்றாய். வாங்கினேன், கல் எறிந்திருப்பார்கள் என்றேன். நீ திருந்தவே மாட்டாய் என்று வைத்துவிட்டாய். இப்போது எழுத்தில் சொல்கிறேன், அந்தத் தடியடி அநியாயம், செய்தி பார்த்த அன்றைக்கே அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்ல வரவில்லை. நீ ஒரு பங்கு திட்டினால் எனக்கு இரண்டு பங்கு தாங்கிப் பேசத் தோன்றுகிறது, அது அதிபருக்காக இல்லை, உன்னிடம் தோற்கக் கூடாது என்பதற்காக. வேலை விஷயத்திலும் நீ சொன்னது நியாயம்தான், நீ இங்கே இருந்திருக்க வேண்டியவன், அதைச் சாதனையில் சேர்க்க என்னால் முடியாது.

மறுநாள் மைக்செட் அண்ணன் தன் கடையின் பின்கட்டில் கூட்டம் போட்டார், என்னை விசாரிக்கத்தான். சுற்றிலும் ஸ்பீக்கர் பெட்டிகள், சுருட்டி மாட்டிய வயர்கள், நாற்காலி போதாமல் பாதிப் பேர் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். உன் தங்கையும் வந்தாள், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை, அவளுக்கு இருந்ததிலேயே பெரிய பெட்டியைக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டார்கள். நான் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன், வேறு ஒரு எண்ணமும் எனக்கு இல்லை, பழைய எழுத்துரு, கொம்பு தனியாக நிற்கும், "சேவையை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன், சேவையை எடுத்ததும் சாதனை சோதனையாயிடுச்சு" என்றேன். சொல்லி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், கூட்டமே குலுங்கிச் சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்த பிறகு உட்காரத் தோன்றவில்லை. கொம்பு என் பிழை, நாளைக்கே திருத்திப் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் கடைசி வரியில் வார்டு திறந்தாகிவிட்டது என்று இருக்கிறதே, அதை யார் திருத்துவது என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் எழுந்தார், உனக்கும் பாடம் எடுத்தவர்தான், நல்ல மனிதர், அவரை நீ ஜால்ரா என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "அம்மா, இவர் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ரோடு ஏது, விளக்கு ஏது. நல்லது செஞ்சவனைக் குறை சொல்லிச் சொல்லியே தோக்கடிச்சோம்னா, அடுத்து வர்றவன் அந்தக் கட்டடத்தை குடோன் ஆக்கிடுவான். ஆயிரம் பேர் திட்ட இருக்காங்க, தாங்கிப் பேச நாம மட்டும்தானே இருக்கோம்" என்றார். பலர் தலையாட்டினார்கள். அப்போது யார் எழுந்தது தெரியுமா, நம் மாப்பிள்ளை. நம் வீட்டில் வந்து சாப்பிட்டால் கூட இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வாய்திறந்து கேட்காதவர். "சார் சொல்றது சரிதான். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், திரும்பவும் போடுவேன். ஆனா ரயில்வே கேட்ல நின்னது நான் சார். இந்தத் தடவையும் கேட் மூடியிருந்தா, நோட்டீஸைக் காட்டினா திறப்பாங்களா" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ தேர்தல் நேரத்தில் தலைவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று முணுமுணுத்தார்கள். உன் தங்கை பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே, "ஏன், அவருக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு" என்றாள். கதவோரம் நின்ற அப்பா, அதுவரைக்கும் தூங்குகிறாரோ என்று நான் நினைத்த அப்பா, "முளைச்சிருக்கே, உங்கம்மா போட்ட நோட்டீஸ்ல" என்றார்.

அதன் பிறகு பேசுவது சுலபமாகிவிட்டது. நான் சொன்னது இவ்வளவுதான். ரோட்டை யாராவது குறை சொன்னால் நான் தெருவில் இறங்கிச் சண்டை போடுவேன். முதியோர் உதவி வாங்குகிற நம் தெரு ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் முகத்தை நான் பார்க்கிறேன், அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூட்டியிருக்கிற கதவைத் திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் நாளைக்கு நான் ரோட்டைப் பற்றிச் சொன்னாலும் ஊர் நம்பாது. எதிர்க்கட்சி கேட்டால் அதிபர் பொறாமை என்று தள்ளிவிடுவார், நாம் கேட்டால்தான் அவர் காதில் ஏறும், அதற்குத்தானே நாம் அவர் ஆட்கள் என்றேன். வாத்தியார் நோட்டீஸை எடுத்து அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தார், அப்புறம், "எழுதறதுன்னா மரியாதையா எழுதணும்" என்றார். அவரே உட்கார்ந்து எழுதினார். புது நோட்டீஸில் தலைப்பு சரியான சாதனை, வார்டு வரியை எடுத்துவிட்டு, அதிபரிடம் நாங்கள் இன்னும் எதிர்பார்ப்பது என்று கீழே தனியாகப் போட்டோம், டாக்டர், நர்ஸ், ஜெனரேட்டர் என்று. சேவையைத் திரும்பவும் சேர்க்க வேண்டும் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள், சேர்த்தேன். இந்தத் தடவை ப்ரூஃபை எல்லோரும் பார்த்தார்கள், பயத்தில்.

அதிபர் போன மாதம் வந்தார், ஸ்டேஷன் மைதானத்தில் கூட்டம். வரவேற்பு உரை படிக்க வேண்டியவர் மைக்செட் அண்ணன். ஊருக்கெல்லாம் மைக் கட்டுகிறவர், தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் நடுங்கிய நடுக்கம் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது. வார்டு என்ற இடம் வந்ததும் மென்று விழுங்கினார், படிக்காமல் தாண்டிவிடுவாரோ என்று நான் நினைத்தேன், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் தங்கையைப் பார்த்தார், படித்துவிட்டார். அதிபர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டார், பிறகு மைக்கில் வந்து, "அது திறந்தாச்சுன்னுதானே எனக்குச் சொன்னாங்க. நம்ம ஆளுங்களேதானே சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போனவர் மாதிரி சொன்னார். நம்ம ஆளுங்க என்றால் யார், நாங்கள்தான். வாத்தியார் தரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இந்த மாதத்துக்குள் டாக்டர் வராவிட்டால் கல்வெட்டிலிருந்து என் பெயரை நீங்களே பெயர்த்து எடுத்துவிடுங்கள் என்று கடைசியில் சொன்னார், கைதட்டல் காதைப் பிளந்தது. நீ உடனே, நாடகம் என்பாய், அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பாய். இருக்கலாம், நானும் குழந்தையில்லை, மேடையில் அழகாகப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு இடம் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார், அத்தனை நாளும் நாங்கள் போட்ட கோஷம்தான்.

டாக்டர் வந்துவிட்டாள். பெண் டாக்டர், உன்னைவிடச் சின்னவள், வந்த அன்றைக்கே முந்தானையைச் சொருகிக்கொண்டு நர்ஸோடு சேர்ந்து தூசி தட்டினாளாம். உன் தங்கையை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன், வழியில் ரயில்வே கேட் கிடையாது, இரண்டு தெரு, ஒரு தையல் கடை, அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால்தான் கட்டிலின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்கள், அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை நன்றாக இருக்கிறதாம், தலையும் சரியாக இறங்கியிருக்கிறதாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஜெனரேட்டர் இன்னும் வரவில்லை, ஆபரேஷன் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் மைக்செட் அண்ணன் தன் கடை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வார்டின் பின்னால் இறக்கிவிட்டார். நம் கட்சிக் கூட்டத்துக்கெல்லாம் ஓடிய அதே ஜெனரேட்டர், சத்தம் ஊரைத் தூக்கும், ஆனால் விளக்கு எரியும். கல்யாண ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், "மைக் இல்லாமப் பாடட்டும் தங்கச்சி" என்றார். இவரைத்தான் நீ வாய் மட்டும் உள்ளவர் என்பாய்.

இன்னொரு விஷயம், அந்த டாக்டர் பெண் பிரஸ்ஸுக்கு வந்தாள். வாசலில் இத்தனை காலம் பூட்டையே பார்த்த ஊர், இப்போதும் எல்லோரும் உள்ளே வரத் தயங்குகிறார்கள், கல்வெட்டுக்குக் கீழே ஒட்ட ஒரு பெரிய அட்டை வேண்டும் என்றாள். என்ன போட வேண்டும் என்று கேட்டேன். திறந்திருக்கிறது, அது மட்டும் போதும் என்றாள். அடித்தேன். அடித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் கொம்பே கிடையாது, நீயே நினைத்தாலும் தப்பு வராது என்றார். பச்சை மையிலேயே போட்டோம். கல்வெட்டில் திறந்து வைத்தவர் என்று அதிபர் பெயர், அதற்குக் கீழே நம் அட்டை. நான் தினமும் அந்த வழியாகப் போகிறேன், வேலை இல்லாவிட்டாலும் போகிறேன்.

ஆகவே மகனே, அம்மா கட்சி மாறிவிட்டாளா என்று கேட்காதே, மாறவில்லை. அவருக்கே ஓட்டுப் போடுவாயா என்று கேட்டால், இன்றைய நிலையில் போடுவேன், ஜெனரேட்டர் வராவிட்டால் போடுவதற்கு முன்னால் இன்னொரு நோட்டீஸ் போடுவேன். உன் ஓட்டு உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். உனக்குக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும், அந்தக் கோபமும் ஒரு காலத்தில் நீ பசை வாளி தூக்கியதால் வந்ததுதான், அவரிடம் ஒன்றும் எதிர்பார்க்காதவனுக்கு இவ்வளவு கோபம் வராது. நீ அங்கிருந்து திட்டுவதும் நான் இங்கிருந்து தாங்குவதும் ஒரே பூட்டைப் பற்றித்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இதை ஃபோனில் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, பல் வலியைத் தள்ளிப்போடாதே, போய்க் காட்டு. உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, உன்னைப் புரிந்துகொள்கிற மனிதர்களோடு நீ நீடு வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் நினைக்காத நாளில்லை. ரயிலு உன் படத்தைப் பார்த்து மாமா எப்ப வருவே என்று கேட்கிறாள், பதில் வராததால் படத்தை அடிக்கிறாள். முக்கியமானதை மறந்துவிடப் போகிறேன். உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னதும் உன் தங்கை ஒன்று சொல்லி அனுப்பினாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் அதிபரை எவ்வளவு வேணா திட்டட்டும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருந்து திட்ட வேணாம், எனக்கு வலி வர்ற அன்னைக்கு அந்த வார்டு வாசல்ல நின்னு திட்டச் சொல்லு." விடுமுறை கேட்டுப் பார். அட்டையில் போட்டிருப்பது உனக்கும் சேர்த்துத்தான்.

என்றும் உன் நினைப்போடு, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை ப்ரூஃப் பார்த்த,
உன் அம்மா